நன்றியுரைக்கு முன் எழுந்து போனவன்

காபி ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சிக்கரி சேர்ப்பதில்லை. யுத்தத்தின்போது ஊரே சேர்த்தது, நாங்கள் சேர்க்கவில்லை.

சுயம்பு என்று பெயர் சொன்னதுமே நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். தமிழ் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டரை அனுப்பினார்களே, அந்த மட்டில் நிம்மதி. எனக்குத் தெரிந்த மராத்தி கத்தரிக்காய்க்குப் பேரம் பேச மட்டும்தான் உதவும். வாக்குமூலம் கொடுக்கப் போதாது. நான் எழுத்துத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்களுக்கு அப்புறம் திருத்துகிற வேலை மிச்சம்.

பெயர் வேங்கடசுப்ரமணியன். வயது ஐம்பத்து மூன்று. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட்கிளார்க். வடபம்பாய் தென்னிந்தியர் கால்பந்து லீகின் கௌரவக் காரியதரிசி, பதினோரு வருஷமாக. ‘கௌரவ’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. அதனால் அந்த வார்த்தையாவது இருக்க வேண்டும்.

வானமாமலை இறந்துபோனதில் எனக்கும் வருத்தம்தான். இரங்கல் தீர்மானத்தை எழுதியதே நான். நான் செய்த தப்பு ஒன்று உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதினேன். கோர்ட்டிலேயே அது வெளியாகிவிட்டது. நீங்கள் வந்திருப்பது அதற்காகத்தான் இருக்கும்.

டாக்டர் கடிதமா? வருகிறேன். வரிசைப்படி போகாவிட்டால் எனக்குச் சொல்ல வராது.

எங்கள் லீகில் ஆடுகிறவர்கள் சும்மா ஆடுவதில்லை. மில், தோல் மண்டி, ரிப்பேர் பட்டறை என்று ஒவ்வொரு டீமுக்கும் ஒரு முதலாளி உண்டு. ஆட்டக்காரன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பத்திரம் லீகில் பதிவான பிறகுதான் மைதானத்தில் கால் வைக்கலாம். லீக் தடை போட்டால் எந்த டீமும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. வேறு ஊருக்குப் போய் ஆடுவதற்கும் எங்கள் சம்மதக் கடிதம் வேண்டும். இந்த விதிகள் நாற்பத்து மூன்றையும் எழுதியவன் நான். ஆடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கிக்கொள்வேன்.

தலைவர் ராவ் பகதூர் சங்கரன். வெள்ளைக்கார சர்க்கார் கப்பலேறியபோது பட்டமும் அதோடு போய்விட்டது. அவர் வீட்டு வாசல் போர்டு மட்டும் போகவில்லை. அவரைச் சேர்த்து கமிட்டி அங்கத்தினர் ஐந்து பேர். எல்லோரும் இதே மாதுங்காவில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்கள். அதனாலேயே கூட்டத்துக்கு வருவதில்லை. யாராவது ஒருவருக்கு ஆபீஸ், ஒருவருக்குக் கச்சேரி, ஒருவருக்கு இடுப்பு வலி. எங்கள் சங்கங்களில் வழக்கம் என்னவென்றால், என்ன தீர்மானம் வேண்டுமோ அதைக் காரியதரிசி எழுதிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மினிட்ஸ் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார். வீட்டுக்கு ஒரு காபி. ஐந்தாவது கையெழுத்து வருவதற்குள் வயிற்றைப் புரட்டும். அதையும் சேவை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மினிட்ஸையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பேன். ‘தலைவரும் அங்கத்தினரும் காபியும் உளுந்து வடையும் உட்கொண்ட பின்னர், நன்றியுரையுடன் கூட்டம் இனிது நிறைவுற்றது.’ பதினோரு வருஷத்தில் அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறியதில்லை. எந்த நாளும் யாரும் அந்த வடையைத் தின்றதும் இல்லை.

போன வருஷம் செப்டம்பரில் இறுதி ஆட்டம். தாராவி நெல்லை யூனியன் ஜெயித்தது. இரண்டு கோலும் வானமாமலை போட்டது. இடது கோடியில் ஆடுகிறவன், பூட்ஸ் போடமாட்டான். வெறுங்காலோடு ஓடி வந்தால், பூட்ஸ் போட்டவன் தன் காலைப் பத்திரப்படுத்திக்கொள்வான். இருபத்து நாலு வயது. சொன்னால் கேட்டுக்கொள்வான். கெட்டவன் என்று நான் எங்கும் எழுதவில்லை.

அப்புறம் பரிசளிப்பு. தலைவர் தேகத்துக்கும் ஆத்மாவுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். இரண்டாயிரம் பேர் ஈரத் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். அதன் பிறகு நன்றியுரை.

நன்றியுரை நான்.

பதினோரு பக்கம். மூன்று வாரம் எழுதினேன். பந்துக்குக் காற்றடித்தவன் வரைக்கும் பெயர் சொல்லியிருந்தேன். மூன்றாம் பக்கம் போய்க்கொண்டிருக்கையில் வானமாமலை பெஞ்சிலிருந்து எழுந்தான். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். கோப்பையை ஜமாலிடம் கொடுத்துவிட்டு நடந்தான். ஜமால் அந்த டீமின் காப்டன். வானமாமலைக்குத் தோல் மண்டியில் ஆறு மணி ஷிஃப்ட் என்று அப்புறம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவன் எழுந்ததும் அவனைப் பார்க்க வந்த கூட்டமும் எழுந்தது. ஐந்தாம் பக்கம் வாசிக்கும்போது நாற்காலிக்காரன் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டான். ஏழாம் பக்கத்தில் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோராம் பக்கத்தை நான் மைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் போக முடியாது, மைக் அவருடையது.

தலைவர் காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

“வேங்கடசுப்ரமணியன், நான் பேசறவரைக்கும் அந்தப் பையன் அசையாம உட்காந்திருந்தான், கவனிச்சேளா?”

“கவனிச்சேன், சார்.”

“நீங்க ஆரம்பிச்சதும்னா எழுந்து போனான்.” சிரித்தார். “போட்டும், விட்டுடுங்கோ.”

விட்டிருப்பேன். அது எனக்கு ஏற்பட்ட அவமரியாதையாக இருந்தால் விட்டேதான் இருப்பேன். நன்றியுரை சொந்த விஷயம் இல்லை. அது லீகின் நடவடிக்கையில் கடைசி அம்சம். அதை அவமதித்தால் லீகையே அவமதித்த மாதிரி. இருபத்தேழாம் விதி, ‘லீகின் கௌரவத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் நடத்தை.’ தண்டனை, இரண்டு வருஷத் தடை. ஒரு நிபந்தனை, ஏழு நாளுக்குள் முழுக் கமிட்டியும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

கமிட்டி புதன்கிழமை கூடியதாக எழுதினேன். காபியும் வடையும் வழக்கம்போல் முடிவில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தலைவர் பத்திரிகை படித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் கண் ஒரு தடவைகூடப் புத்தகத்தின் மேல் விழவில்லை.

தடை உத்தரவு ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஜமால் என் வீட்டுக்கு வந்தான். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

“சாமி, கூட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போனதுக்கு ரெண்டு வருசமா? பெஞ்சையுமா தூக்கிட்டுப் போனான்?”

“விதி அப்படி.”

“விதிய எழுதினது நீங்கதான?”

“எழுதினது நான்தான். எழுதினப்புறம் அது என்னுது இல்லே.”

“அவனுக்குக் கல்கத்தாவுல ஒரு கிளப்பு கூப்புட்டுருக்கு சாமி. இந்த ரெண்டு வருசந்தான் அவன் காலுக்கு ஆயுசு. மண்டியில மொதலாளி வேற, ஆடாதவனுக்கு என்னத்துக்குலே தோலு எண்ற வேலைன்னு சுண்ணாம்புக் குழியில எறக்கி விட்டுட்டாரு.”

சுண்ணாம்புக் குழி என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தோலில் ரோமம் கழன்று வர, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முழங்கால் வரை அதில் நின்று மிதிக்க வேண்டுமாம். பாதம் வெந்து உரியுமாம். தோல் மண்டி எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. அதனால் கமிட்டியின் கவனத்துக்கு அதை நான் கொண்டு போகவில்லை.

அவர்கள் கேஸ் போட்டார்கள். தாதரில் ஓர் இளம் வக்கீல் இலவசமாக எடுத்துக்கொண்டான். பெயர் வாங்க வேண்டிய வயது. நான் ஏழு வாய்தா வாங்கினேன். வாங்கியவர் எங்கள் வக்கீல், காரணம் எழுதிக் கொடுத்தது நான். ஒரு தடவை எழுதின காரணத்தை மறு தடவை எழுதியதில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்லுவானேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வானமாமலை கோர்ட் வராந்தாவில் காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். எழுந்து நிற்க வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னேன்.

ஜூன் மாதம் விசாரணை வந்தது. அவர்கள் தரப்புச் சாட்சியாக ஒரு பெண்பிள்ளை கூண்டில் ஏறினாள். பார்வதியம்மாள். அவளை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். மாதுங்கா முழுக்கத் தெரியும். தினம் காலையில் கூடையோடு வந்து வீட்டு வீட்டுக்கு வாழையிலை போடுகிறவள். அவள் வானமாமலையின் தாயார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இலைக்காரிக்குப் பிள்ளை இருக்குமா என்று யார் யோசிக்கிறார்கள்.

வக்கீல் மினிட்ஸில் இருந்த அந்தப் புதன்கிழமையைச் சொல்லிக் கேட்டான். அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்வதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அன்னைக்குப் பெரிய அய்யா வீட்டுல தெவசம். அவுஹ அப்பாவுக்கு. நாந்தான் எல குடுத்தேன். நுனி எல. முந்தின நா குடுத்த எலையில ஓரம் கிழிஞ்சிருக்குன்னு அம்மா திருப்பிட்டாவ. மறுநா விடியக்காலம் ஓடி வந்து வேற குடுத்தேன். வருசா வருசம் குடுக்கேன், எனக்குத் தெரியாதா.”

அப்புறம் அந்தப் பெரிய அய்யாவை, எங்கள் தலைவரை, கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் பையன் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து உங்களுடையதுதானே என்றான். ஆமாம் என்றார். அந்தப் புதன்கிழமை கூட்டத்தில் இருந்தீர்கள். ஆமாம். கூட்ட முடிவில் காபியும் உளுந்து வடையும் சாப்பிட்டீர்கள். இதோ, உங்கள் கையெழுத்துக்கு நேர் மேலே எழுதியிருக்கிறது. தகப்பனார் திதியன்று வெளியிடத்தில் உளுந்து வடை சாப்பிட்டது உண்மைதானா?

கோர்ட்டில் மாதுங்கா ஆட்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவருடைய சம்பந்தியும் இருந்தார்.

கூட்டத்துக்குப் போகவில்லை என்றால் கையெழுத்து பொய். போனேன் என்றால் வடை நிஜம். தலைவர் தொண்டையைக் கனைத்தார். லீக், விதி, என் பதினோரு வருஷ உழைப்பு எல்லாம் ஒரு தட்டில், ஒரு வடை இன்னொரு தட்டில். எவ்வளவு நேரம் யோசித்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு விடுகிற நேரம்.

“சிராத்தத்தன்னிக்கு வெளியில பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன் நான். அன்னிக்குக் கூட்டமும் நடக்கலே, ஒண்ணும் நடக்கலே. இவர் கொண்டு வந்து நீட்டுவார், நான் போட்டுக் கொடுப்பேன்.”

‘இவர்’ என்று என்னைக் கையால் காட்டினார்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். வானமாமலை மட்டும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எனக்காக அவன் கூச்சப்பட்டான். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறுத்துக்கொண்டேன். பதினோரு வருஷமாக எல்லாவற்றையும்தான் பொறுத்துக்கொண்டு வருகிறேன்.

அதன் பிறகு மாதுங்காவில் நான் நடந்தால் பின்னால் யாராவது ‘வடை சாப்பிட்டாச்சா’ என்பார்கள். தலைவர் எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொள்வார். சரி.

தீர்ப்புக்கு முன்னால் எங்கள் வக்கீல் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். அவர்கள் நஷ்டஈடும் கேட்டிருந்தார்கள், தடை இல்லாதிருந்தால் இவ்வளவு ஆடியிருப்பான் என்று. ஆடக்கூடிய தேகமா என்று லீகின் கௌரவ டாக்டர் பார்க்கட்டும் என்றார் வக்கீல். டாக்டர் பார்ஸிக்காரர், நல்ல மனுஷர். வானமாமலையின் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாராம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் குடும்பத்தோடு பூனா போய்விட்டார்.

ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை தீர்ப்பு. தடை செல்லாது. லீகோ அதன் நிர்வாகிகளோ வானமாமலை ஆடுவதற்கு எவ்விதத்திலும் இடையூறு செய்யக் கூடாது. அந்த வாசகத்தை மூன்று தடவை படித்தேன். எவ்விதத்திலும். தெளிவான இங்கிலீஷ், ஒரு கமா அதிகப்படி கிடையாது. அதில் பங்கம் வராமல் நடந்துகொண்டேன். சனிக்கிழமை அவன் பதிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவன் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதியதும் நான்தான்.

நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மைதானத்தில் நிற்க இடமில்லை. கல்கத்தா கிளப்பிலிருந்தும் ஒருவர் பார்க்க வந்திருந்தார். பாதி ஆட்டத்தில் ஜமால் கோட்டுக்கு வெளியே வந்து, வாயைக் கொப்பளித்து, ஒரு சொட்டு உள்ளே போகாமல் துப்பினான். நோன்போடு ஆடினான் அவன். வானமாமலை புல்லில் மல்லாந்து படுத்திருந்தான்.

“ஏல, நோம்பு எனக்கா ஒனக்கா?” என்று கேட்டான் ஜமால். “இப்படி மூச்சு வாங்குத.”

“ஒம்பது மாசம் குழிக்குள்ள நின்னவம்லா. செத்த நேரத்துல சரியாயிரும்.”

“இன்னும் நாலே நாளு. பெருநாளைக்கு எங்க வீட்டுல பிரியாணி, ஆத்தாவையும் கூட்டிட்டு வா. ஆறு பேரு சோத்தத் திங்கணும் நீ, பாத்துக்க.”

இதெல்லாம் என் காதில் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கி இருபது நிமிஷம் இருக்கும். பந்து இடது கோட்டோரம் வந்தது. வானமாமலை ஓடினான், ஒருவனைத் தாண்டினான். பிறகு வேகம் குறைந்து, பூட்ஸ் கயிறு கட்டுகிறவன் மாதிரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்தான். அவன் காலில் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். நேரத்தை ஓட்டப் பார்க்கிறான் என்று நினைத்து ரெஃபரி எச்சரிக்கை விசில் கொடுத்தார். ஜமால் ஓடிப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னத்தையோ சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். கூட்டம் ரொம்ப நேரம் புரியாமல் கத்திக்கொண்டிருந்தது.

மறுபடியும் பாதியில் போய்விட்டான் என்று எனக்குத் தோன்றியது. மனசில் தோன்றுவதற்கெல்லாம் ஒருவன் பொறுப்பில்லை.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம். இது நிஜமாகவே நடந்தது, நீங்கள் விசாரிக்கலாம். ஐந்து பேரும் வந்தார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கமிட்டி முழுசாகக் கூடியது. இரண்டு நிமிஷம் நின்றோம். காபி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது டாக்டர் கடிதம். அதன் வாசகம் உங்களுக்குத் தெரியும், டாக்டர் பூனாவிலிருந்து திரும்பியதும் நகலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ‘இவனுடைய இருதயத்தில் ஒரு வால்வு பழுது. சிறு வயதில் வந்த ஜுரத்தால் இருக்கலாம். இவன் இனி ஓர் ஆட்டம்கூட ஆடக் கூடாது. விலாசம் என்னிடம் இல்லாததால் உமக்கு எழுதுகிறேன். உடனே அவனிடம் சொல்லிவிடவும்.’ கடிதத்தில் போட்டிருக்கும் தேதி தீர்ப்புக்கு முந்தைய வாரம், அதை மறுக்கவில்லை. மழைக்காலத்தில் தபால் தாமதமாவது சகஜம். என் கைக்கு வந்தது வியாழக்கிழமை. அவன் போய் நாலு நாள் கழித்து. இதோ, வந்த கடிதங்களின் ரிஜிஸ்தர். வரிசை எண், தேதி, அனுப்பியவர், என் சுருக்கொப்பம். பாருங்கள்.

நன்றாகவே பாருங்கள்.

“அன்னைக்கு ரம்சான் பெருநாளுல்லா. தபாலாபீஸ் பூட்டிக் கெடந்துச்சு. பம்பாய் முச்சூடும் ஒரு கடுதாசி பட்டுவாடா ஆகல.”

ஓகோ. இதற்காகத்தான் வந்தீர்களா, இன்ஸ்பெக்டர்.

ரிஜிஸ்தரை இப்படிக் கொடுங்கள்.

நான் பஞ்சாங்கம் பார்த்துத்தான் போட்டேன். ஒரு தடவை சூடு பட்டவன் இல்லையா. அந்த வியாழக்கிழமை கமிட்டியில் யாருக்கும் திதி கிடையாது. எல்லோர் வீட்டுத் திதியையும் இப்போது குறித்து வைத்திருக்கிறேன். அமாவாசை கழிந்தாயிற்று, ஏகாதசிக்கு நாள் இருக்கிறது. முகமதியர் பண்டிகைகளைக் கடைசிப் பக்கத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நான் திருப்பியதே இல்லை. ஜமால் நாலு நாள் என்று என் காது கேட்கத்தான் சொன்னான். அது நம் நாள் இல்லை என்று இருந்துவிட்டேன்.

கிழித்துப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். லீகுக்கு வந்த காகிதத்தை நான் கிழித்ததில்லை. ரிஜிஸ்தரில் ஏறாத கடிதத்தை ஃபைலில் வைக்கிற வழக்கமும் இல்லை. எங்காவது ஏற்றியாக வேண்டும்.

வந்தது முந்தின செவ்வாய்க்கிழமை. தீர்ப்புக்கு மூன்று நாள் முன்னால். எங்கள் வக்கீலிடம் காட்டியிருந்தால் கேஸ் அன்றே ஒரு வழிக்கு வந்திருக்கும். ஆனால் அப்புறம் ஊர் என்ன சொல்லும்? வடையில் தோற்றவன் டாக்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தான் என்று சொல்லும். ஜெயித்தால் இருபத்தேழாம் விதியில் ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தோற்றோம். எவ்விதத்திலும் இடையூறு செய்யக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. இதைச் சொல்வது இடையூறு ஆகுமா ஆகாதா என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. சந்தேகம் வந்தால் சும்மா இருப்பதுதான் ஆபீஸ் வழக்கம்.

சனிக்கிழமை அவன் இங்கே வந்தானே, சீட்டில் கையெழுத்து வாங்க. மூன்று மாடி ஏறி வந்து, வாசலிலேயே படியில் உட்கார்ந்துவிட்டான். தோள் ஏறி ஏறி இறங்கிற்று. என் மனைவி அபயாம்பாள் ஒரு லோட்டா மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். “என்னடாப்பா இது, இப்படி இரைக்கறது உனக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல அம்மா. மாடி ஏறினா இப்படித்தான் படபடங்கும். கிரவுண்டுல எறங்கிட்டா தெரியாது.” அப்புறம் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். “சாமி, அன்னைக்கு நீங்க பேசுறப்ப நான் பாதியில போனது தப்புதான். ஷிஃப்டு இருந்துச்சு. நீங்க பேசி முடிக்கவும் நெறைய நேரம் ஆகும்போலத் தெரிஞ்சுது.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேலி தெரியாது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஃபைல் மேஜை மேல் இருந்தது. இன்னும் ஃபைலுக்குள் போகாத கடிதம் அதன் மேல் இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஓரம் ஆடிக்கொண்டிருந்ததால், மைப்புட்டியை அதன் மேல் எடுத்து வைத்தேன். இரண்டு படி இறங்கியவன் திரும்பி வந்தான்.

“டாக்டரு கடுதாசி போடுதேன்னாரே சாமி, வந்துச்சா?”

“இன்னும் வரலே,” என்றேன். “வந்தா சொல்லி அனுப்பறேன்.”

“சரி சாமி,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் போகும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வெறுங்கால்.

மறுநாள் பட்டியல் எழுதும்போது நடுக்கம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் அந்தக் காகிதம் இருக்கிறது, கையெழுத்தைப் பாருங்கள். சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. பாதியில் அவனாக நின்றுவிடுவான், கூட்டம் அவனை ஏசும், அதை அவன் கேட்கட்டும் என்று மட்டும் நினைத்தேன். அந்தக் கூட்டம் என் பதினோரு பக்கத்துக்கு என்ன மரியாதை கொடுத்ததோ அதை அவனுக்கும் ஒரு நாள் கொடுக்கட்டும் என்று. ஆடினால் செத்தாலும் செத்துவிடுவான் என்பதுதான் டாக்டர் எழுதியதன் அர்த்தம் என்று எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், முப்பது வருஷமாக இங்கிலீஷில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவன்.

பார்வதியம்மாள் பத்தாம் நாள் முடிந்ததும் மறுபடி இலை போட ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்குக் காலையில்கூட வந்தாள். என் மனைவி உள்ளே போய் அழுகிறாள், இலை வாங்கியது நான்தான். ஓரம் கிழிந்திருந்தது. சொல்லவில்லை.

அவ்வளவுதான். எழுதி முடித்தாயிற்றா? கொண்டாருங்கள், ஒரு தடவை வாசித்துவிட்டுப் போடுகிறேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களால் வருகிற வினை எனக்குத்தான் தெரியும்.

கீழே தேதி போட்டிருக்கிறீர்களே, அது இன்றைய தேதிதானே? தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பொய்யான ஒரு தேதிக்குக் கீழே என் பெயர் வருவதை என்னால் சகிக்க முடியாது.